36ஆம் பக்கம்

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த நாளுக்கும் வாய்மொழித் தேர்வு நடந்த நாளுக்கும் இடையில் எனக்கு 14 மாதங்கள் கழிந்தன. திருவிடைமருதூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து தினமும் பேருந்தேறி ஒரு கல்லூரிக்குப் போய், கௌரவ விரிவுரையாளராகத் தாவரவியல் வகுப்பெடுத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியதும் புறத்தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டதா என்று நெறியாளரிடம் தொலைபேசியில் கேட்பதே அந்நாட்களில் என் வழக்கமாக இருந்தது. வைவா என்னும் அந்த வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்கு வந்த பிறகுதான் அடுத்ததைப் பற்றி நினைக்கவே வேண்டும் என்று நம்பியிருந்தேன். முனைவர் பட்டத்துக்குப் பின்னான ஆய்வு உதவித்தொகைகளுள் முக்கியமான சிலவற்றுக்கு, ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்ட நிலையிலேயே விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி அந்த 14 மாதங்களும் முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அதையும் ஒரு கருத்தரங்கில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வேறு மாநிலத்து ஆய்வாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கல்லூரிகளில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் என் தம்பி தங்கையர் அப்படியொரு வரிசையில் தற்செயலாக நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முனைவர் பட்டத்துக்குப் பின்னான இந்த ஆய்வுப் பணியைக் குறிக்கும் போஸ்ட்டாக் என்ற சொல்லை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதை எப்படித் தேடுவது என்பதை உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஆள் நமக்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

வீட்டில் விளக்குவதே முதல் வேலையாக இருந்தது. "ஏன் ஆயி, டாக்டர் பட்டந்தான் வாங்கியாச்சே, இன்னும் எத்தனை வருசம் படிப்ப?" என்று பெரியப்பா கேட்டார். அது படிப்பில்லை, சம்பளத்தோடு ஓர் ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் தனியாக ஆய்வு நடத்திப் பழகும் காலம் என்று எத்தனை முறை சொல்லியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு ஊர் திரும்பிவிடவில்லை, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருளைக்கிழங்கைப் பற்றி இதே வகைப் பணியில் ஆராய்ந்தார், அங்கேயே ஆசிரியர் வேலை கிடைத்தும் அதை விட்டுவிட்டு 1954இல் இந்தியா வந்தார் என்று சொன்னபோதுதான் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தேடத் தொடங்கியபோது நான் செய்த பெரிய பிழை, காலியிடம் தேடியதுதான். அரசு வேலைக்கு அறிவிக்கை வருவதைப் போல இதற்கும் வரும், தகுதியைப் பார்த்து, படிவத்தை நிரப்பி, நேர்காணலுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். பேராசிரியர் ஒருவர் தம் ப்ராஜெக்ட்டுக்கு ஆள் எடுக்கும் ஆர்.ஏ. (ரிசர்ச் அசோசியேட்) பணியிடங்கள் மட்டும் ஏறக்குறைய அப்படி வருகின்றன. அங்கே கேள்வி அவருடையது, பணம் அவர் வாங்கியது, உழைப்பு நம்முடையது. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி முதல் நிலை ஆர்.ஏ.வுக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு, நல்ல ஆய்வகமாக அமைந்தால் கற்றுக்கொள்வதற்கும் நிறைய இருக்கும். ஆனால் ப்ராஜெக்ட் முடியும்போது வேலையும் முடிந்துவிடும்.

நம் பெயருக்கே வரும் உதவித்தொகை இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு நாமே ஒரு கேள்வியை வகுத்து, அதை ஏற்று இடம் தரும் பேராசிரியரைக் கண்டுபிடித்து, அவரும் அவருடைய நிறுவனமும் கையெழுத்திட்ட ஒப்புதலோடு நிதி அமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியமான எஸ்இஆர்பி நடத்திவந்த தேசிய முதுமுனைவர் உதவித்தொகை, அதாவது எல்லோரும் என்-பிடிஎஃப் என்று சொல்வது, இந்த வகையைச் சேர்ந்தது. அந்த அமைப்பின் காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 55,000 ரூபாயும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சமும் தரப்பட்டன. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவருக்கு, பட்டம் வரும்வரை மாதம் 35,000 ரூபாய். நான் வெறுமனே காத்திருந்த 14 மாதங்களை இந்த ஒரு வரியோடு சேர்த்துப் பார்த்தால் என் வருத்தம் உங்களுக்கு விளங்கும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஸ்இஆர்பி, ஏஎன்ஆர்எஃப் (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) என்ற புதிய அமைப்புக்குள் வந்துவிட்டதால், பழைய அறிவிக்கைகளை மனப்பாடம் செய்துகொண்டு அலையாமல் நடப்பு அறிவிக்கையைப் படிக்க வேண்டும். யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்த ராதாகிருஷ்ணன் பெயரிலான உதவித்தொகையில் 900 இடங்கள், மாதம் 50,000 ரூபாய், 30 விழுக்காடு பெண்களுக்கு. இவை தவிர ஐஐஎஸ்சி, ஐஐடி போன்றவை தம் சொந்த நிதியிலிருந்தும் போஸ்ட்டாக் ஆய்வாளர்களை எடுக்கின்றன.

இவற்றுள் எதை எடுத்தாலும் ஒரு நாள்கணக்கு இருக்கிறது. என்-பிடிஎஃப்புக்கு வயது வரம்பு 35 என்றும், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு என்றும் விதி இருந்தது. வெளிநாட்டு உதவித்தொகைகள் பெரும்பாலும் வயதைப் பார்ப்பதில்லை. பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்க்கின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளைக்கு 4 ஆண்டு, ஜப்பானின் அறிவியல் ஊக்குவிப்புக் கழகமான ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கு 6 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு 8 ஆண்டு. எங்கள் வீட்டில் குறுவை நாற்று 25 நாளைத் தாண்டினால் அப்பாவின் முகம் மாறிவிடும். ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் வரவில்லை என்று எந்தக் காரணம் சொன்னாலும் நாற்று முற்றுவது நிற்காது, முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. பட்டம் கைக்கு வந்த பிறகு கௌரவ விரிவுரையாளராகவே நான்கைந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டு, பிறகு ஒருநாள் விண்ணப்பிக்க உட்காரும் நம் ஆய்வாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்றங்கால்தான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் சோம்பியிருந்தவர்கள் அல்லர். வீட்டுக் கடனும், தங்கை திருமணமும், வாரத்துக்கு 16 மணி நேர வகுப்புகளுமாக அவர்களுக்கு அந்த ஆண்டுகள் போயின.

இடம் தரும் பேராசிரியரைத் தேடுவதில்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. முதல் இரண்டு மாதங்களில் நாற்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: என் பெயர், என் பட்டம், என் கட்டுரைகளின் எண்ணிக்கை, தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் பணியாற்ற ஒரு வாய்ப்பு. மேலே விளிக்கும் பெயர் மட்டும் மாறும். இரண்டு பேர் இடமில்லை என்று ஒரு வரி எழுதினார்கள், மற்றவர்கள் எழுதவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது எனக்கும் அத்தகைய கடிதங்கள் வரத் தொடங்கியிருப்பதால், அவற்றுக்குப் பதில் எழுத எதுவும் இல்லாமல் போவது ஏன் என்று தெரிகிறது: பதில் சொல்வதற்கான கேள்வி எதுவும் அவற்றில் இருப்பதில்லை.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் பலரும் பள்ளியிலிருந்தே அங்கே அழைத்துச் செல்லப்பட்டிருப்போம். அவர் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதன் முழு வாசகத்தை நான் முதன்முதலாகப் படித்தது, நாற்பது கடிதங்களும் வீணான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையில். சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக இருப்பதாகவும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்றும் தம்மைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவர் நேரே ஹார்டியின் ஒரு சிறு நூலின் 36ஆம் பக்கத்துக்குப் போகிறார். கொடுக்கப்பட்ட ஓர் எண்ணைவிடச் சிறிய பகா எண்கள் எத்தனை என்பதற்குத் திட்டமான கோவை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை என்று அந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், உண்மை மதிப்புக்கு மிக நெருங்கிவரும் கோவை ஒன்றை நான் கண்டிருக்கிறேன் என்கிறார். பிறகு தாம் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைக்கிறார். பகா எண்களைப் பற்றிய அந்தக் குறிப்பிட்ட கூற்று அவர் நினைத்த அளவுக்குச் சரியாக அமையவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ஆனாலும் ஹார்டி கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இராமானுஜனின் மேதைமையோடு என்னைச் சேர்த்துப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. கடிதம் எழுதும் முறையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எவருக்கும் தடையில்லை அல்லவா?

என் முனைவர் பட்ட ஆய்வு, நாகப்பட்டினம் கடலோர வயல்களின் உவர்மண்ணிலும் நெல்லின் வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்களைப் பற்றியது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து வயல்களில் மாதந்தோறும் மண் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து குறித்துவந்தேன். மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் அது உவர்நிலம். நெல் 3ஐக் கடக்கும்போதே விளைச்சலில் தளரத் தொடங்கிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது அந்தப் பகுதியில்தான். என் வயல்களுக்குப் போகும் சாலையில் விழுந்துகிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்துபோய் மண் எடுத்த நாட்களை என்னால் மறக்க இயலாது. நிலத்துக்காரர்கள் கூரை இல்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், நான் அவர்களிடம் வயலில் இறங்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்பேட்டை, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போட்டு முடித்துவிட்ட ஒன்றாகத்தான் அதுவரை கருதியிருந்தேன்.

இராமானுஜனின் கடிதத்தைப் படித்த பிறகு, நான் மதித்த ஆய்வாளர்களின் கட்டுரைகளை மறுபடியும் எடுத்து, இந்த முறை என் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர், கடலோர நெல்வயல்களின் வேர்மண் நுண்ணுயிர்களை ஜனவரியில் ஒரே முறை எடுத்த மண்ணைக் கொண்டு விவரித்திருந்தார். எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உப்பைக் கீழே அடித்துக்கொண்டு போய்விடும். பங்குனி சித்திரை வெயிலில் நீர் ஆவியாக ஆக, மண்ணின் நுண்துளைகள் வழியாக உப்பு மேலே ஏறிவரும். ஜனவரி மண்ணில் உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்கள் குறைவாகத் தெரிந்தால், அவை அங்கே குறைவு என்று பொருளாகிவிடாது. இதை அவருக்கு எழுதினேன். கட்டுரையின் எந்தப் படம், எந்தப் பத்தி என்று குறிப்பிட்டு, என் ஒரு வயலின் பன்னிரண்டு மாத அளவீட்டை ஒரே வரைபடமாக இணைத்து, இந்த ஏற்ற இறக்கத்தோடு நுண்ணுயிர்களும் மாறுகின்றனவா என்பதைத் தங்கள் ஆய்வகத்தின் மரபணு வரிசையாக்க வசதியைக் கொண்டு அறிய விரும்புகிறேன் என்று முடித்தேன். கட்டுரைகளின் எண்ணிக்கையை எழுதவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. வாழ்த்து ஒன்றும் இல்லாமல், மண்ணை எத்தனை ஆழத்தில் எடுத்தீர்கள் என்ற கேள்வியோடு அது தொடங்கியது.

டெல்டாவில் இருந்துகொண்டு தேடுகிறோம் என்பதை ஒரு குறையாக நினைத்து, அதை எப்படி மறைப்பது என்று நாற்பது கடிதங்களில் பாடுபட்டிருந்தேன். பெரிய ஆய்வகங்களிடம் கருவிகள் இருக்கின்றன, தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே வயலில் பருவம் தவறாமல் ஐந்து ஆண்டுகள் இறங்கிய கால்கள் அவர்களிடம் இல்லை. கோயில் கல்வெட்டுகளை நேரில் படித்துப் பழகிய வரலாற்று மாணவருக்கும், சரசுவதி மகால் சுவடிகளோடு வளர்ந்த தமிழ் மாணவருக்கும், மேட்டூர் நீர் கடைமடைக்கு வந்துசேரும் நாளைக் கணக்கிட்டுப் பழகிய பொருளியல் மாணவருக்கும் இது பொருந்தும். (சமூக அறிவியலார், இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎஸ்எஸ்ஆரின் அறிவிக்கைகளைத் தவறாமல் பார்த்துவர வேண்டும்.) வெளியூர் போகவே இயலாத குடும்பச் சூழல் உள்ளவர்கள், இடம் தரக்கூடிய நிறுவனங்கள் அருகிலேயே இருப்பதையும் கவனிக்கலாம். 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், 2009இல் திருவாரூரில் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றில் உள்ள ஆய்வாளர்களின் கட்டுரைகளை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பட்டம் தந்த நெறியாளரிடமே திரும்பப் போவதைப் பெரும்பாலான திட்டங்கள் விரும்புவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். என்-பிடிஎஃப்பில் ஒரு பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி இருந்ததால், அவரிடம் இடம் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

திட்ட முன்மொழிவை முதல் முறை அனுப்பியபோது தேர்வாகவில்லை. மதிப்பீட்டாளர், இரண்டு ஆண்டுகளில் செய்யக்கூடிய வேலையைப் போல இது இல்லை என்று எழுதியிருந்தார், அது சரியே. ஆறு வட்டாரங்கள், நான்கு நெல் ரகங்கள் என்று ஆசைப்பட்டு எழுதியிருந்தேன். அடுத்த முறை மூன்று வயல்கள், ஒரு ரகம், ஓராண்டில் ஆறு முறை மண் எடுத்தல் என்று சுருக்கினேன். எந்த மாதம் எந்த வேலை என்பதைப் பயிர்க்காலத்தோடு பொருத்தி எழுதினேன், செலவுக் கணக்கை ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளரிடம் உட்கார்ந்து விலை கேட்டுப் போட்டேன். தேர்வானது. முதல் விண்ணப்பத்துக்கும் பணியில் சேர்ந்த நாளுக்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி நாம் அலைகிறோம். நம் வேலையை நேரில் கண்டவர் எழுதுவதற்கு ஈடாக அது அமையாது. சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமே இல்லாத இராமானுஜனுக்கு 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்ததற்கு, இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரின் கடிதமும் ஒரு காரணம். அவர் இராமானுஜனின் குறிப்பேட்டைத் தாமே பார்த்துவிட்டு எழுதினார். (தெற்கு அலைவு என்று இன்று நாம் பருவமழைச் செய்திகளில் கேட்பதை விளக்கியவரும் அதே வாக்கர்தான் என்பதில் டெல்டாக்காரியான எனக்குத் தனி மகிழ்ச்சி.) எனக்கு நன்றாக எழுதித்தந்தவர், கஜாவுக்குப் பிந்தைய வாரத்தில் என்னோடு வயலுக்கு வந்த ஒரு வேளாண் அலுவலர்.

சான்றிதழ்களின் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைவா முடிந்தும் தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் வேறொரு பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அதற்குள் ஓர் அறிவிக்கையின் கடைசி நாள் போய்விட்டது. பணியில் சேர்ந்த பிறகும் முதல் நான்கு மாதங்களுக்கு உதவித்தொகை வந்துசேரவில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. இதை எழுதுவதா என்று யோசித்தேன், ஆனால் புதிதாகச் சேர்கிறவர்கள் கையில் நான்கைந்து மாதச் செலவுக்கு ஏதாவது வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை யாரேனும் சொல்லியாக வேண்டும். ஊரை விட்டு முதன்முதலாகப் போகும் பெண்ணுக்கு, அறை வாடகைக்குக் கடன் கேட்கும் நிலை எத்தனை கடினம் என்று நான் அறிவேன்.

பெண்களுக்காக இன்னும் ஒன்று. பிள்ளைப்பேறு, பிள்ளை வளர்ப்புக் காலங்களை ஹம்போல்ட்டும் மேரி கியூரியும் ஆண்டுக்கணக்கில் கழித்துக்கொள்கின்றன. அதற்குச் சான்று கேட்பார்கள், எடுத்து வைத்திருங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தில் பெண்களுக்கெனத் தனியாக ஒரு போஸ்ட்டாக் உதவித்தொகை இருக்கிறது. ஹம்போல்ட்டுக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம், மேரி கியூரிக்குச் செப்டம்பரில் கதவு மூடும். இரண்டுக்கும் இடம் தரும் பேராசிரியரின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும் என்பதால், குறைந்தது ஆறு மாதம் முன்பே கடிதப் போக்குவரத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.

என் உதவித்தொகையில் இன்னும் எட்டு மாதங்கள் மீதமிருக்கின்றன. வீட்டு நாட்காட்டியில் அப்பா வழக்கம்போல ஜூன் 12ஐ, மேட்டூர் திறக்கும் நாளென்று வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதற்கு முன் மே மாதத்தில், உப்பு மேலேறி நிற்கும்போது, மூன்று வயல்களிலும் கடைசி முறையாக மண் எடுத்தாக வேண்டும். அதே நாட்காட்டியில் செப்டம்பர் பக்கத்தில் நானும் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கான முதல் கடிதத்தை நேற்று எழுதத் தொடங்கினேன். அந்தப் பேராசிரியரின் கட்டுரையில் எந்தப் பத்தியைக் குறிப்பிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை, ஆகவே இன்று மாலை அதை மறுபடியும் படிக்க வேண்டும்.